74 கிலோமீற்றருக்கு ஸ்ரோரேஜ் நெற்வேர்க் இழுப்பது எப்படி

இரவு பதினொரு மணிக்குக் கிளிநொச்சியில் இருந்து தம்பி போன் எடுத்தான். "அண்ணை, லிங்க் வந்திட்டுது. ரெண்டு பக்கமும் பச்சை எரியுது." எனக்கு அது போதும். யாழ்ப்பாணத்து ஸ்ரோரேஜில் இருந்த 6 டெராபைற்றையும் கிளிநொச்சிக்குப் பிரதி எடுக்கும் வேலையைத் தொடக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இரண்டு ஊரையும் இணைப்பது பைபர் சானல், அதாவது ஸ்ரோரேஜ் என்ற டிஸ்க் பெட்டிகளையும் சேர்வர்களையும் இணைக்கும் நெற்வேர்க் முறை. அதில் 4 ஜி, அதாவது 4 ஜிகாபிற் வேகம் என்றால் விநாடிக்கு 400 மெகாபைற். விடியப்புறம் நாலு மணிக்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு வந்து பார்க்கிறேன், ஏழு சதவீதம் முடிந்திருக்கிறது. பிழைச் செய்தி ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கும் இல்லை. விநாடிக்கு 15 மெகாபைற்றுக்குக் கிட்ட, ஒரே சீராக, ஏதோ நேர்த்திக்கடன் போல ஊர்ந்துகொண்டிருந்தது. பழுதான லிங்க் என்றால் ஏறும், இறங்கும், விழும். இது அப்படி இல்லை. யாரோ கணக்காக அளந்து விடுகிற மாதிரி ஓடியது. உண்மையிலேயே அளந்து விட்டுக்கொண்டுதான் இருந்தது. லிங்க்கின் முனையில் இருக்கும் நெற்வேர்க் சுவிச்சில் நான் மாற்றாமல் விட்ட ஒரு எண்.

அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் குறிப்பின் பெரும்பகுதி. மற்ற வேலைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் தூரத்து லிங்க் ஒன்று எழும்பி நின்றும் ஓடவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

கூடைக் கணக்கு

என் சித்தப்பா சுன்னாகம் சந்தையில் வெங்காயம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். அவரிடம் எட்டு பிளாஸ்ரிக் கூடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். சாவகச்சேரிக் கடைக்கு அனுப்பினால் பிரச்சினை இல்லை. எட்டாவது கூடை நிரம்பும்போது முதல் கூடை வெறுமையாகத் திரும்பி வந்துவிடும். அதே எட்டுக் கூடையோடு கிளிநொச்சிக்கு அனுப்பத் தொடங்கினால்? காலையிலேயே எட்டும் போய்விடும். வெங்காயம் குவிந்து கிடக்கும், லொறி நிற்கும், றோட்டும் வெறுமையாகத்தான் கிடக்கும். ஆனால் வெறுங்கூடை திரும்பி வரும்வரை சித்தப்பா குந்தியிருக்க வேண்டியதுதான்.

பைபர் சானல் வேலை செய்வது அச்சொட்டாக இப்படித்தான். ஈதர்நெற் மாதிரி அனுப்பிப் பார்த்து, தொலைந்தால் திரும்ப அனுப்புகிற பழக்கம் இதற்கு இல்லை. தரவு பிரேம் என்ற சின்னப் பொதிகளாகப் போகும். எதிர்ப்பக்கத்துப் போர்ட், "என்னிடம் இத்தனை பிரேமுக்கு இடம் இருக்கிறது" என்று லிங்க் எழும்பும்போதே சொல்லிவிடும். அந்த எண்ணுக்குப் பெயர் பஃபர் கிரெடிற். ஒரு பிரேம் அனுப்பினால் ஒரு கிரெடிற் குறையும். எதிர்ப்பக்கம் அந்தப் பிரேமை எடுத்து இடத்தைக் காலியாக்கியதும் ஆர்-ரெடி என்ற சின்னச் சைகையைத் திருப்பி அனுப்பும். அதுதான் திரும்பி வரும் வெறுங்கூடை. கிரெடிற் பூச்சியமானால் அனுப்புகிற போர்ட் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். இதைப் பிழையாக எங்கும் பதிவதில்லை. சட்டப்படி காத்திருப்பது எப்படிப் பிழையாகும்?

ஒரே அறைக்குள் இருக்கும் வயருக்கு எட்டுக் கிரெடிற்றே தாராளம். தூரம் கூடினால் எத்தனை வேண்டும் என்பதை மனக்கணக்கிலேயே போடலாம். ஒளி கண்ணாடி இழையில் ஒரு கிலோமீற்றருக்கு 5 மைக்ரோவிநாடி எடுக்கும். முழுப் பிரேம் ஒன்று 2148 பைற். 4 ஜி வேகத்தில் அதை அனுப்பி முடிக்கவும் கிட்டத்தட்ட 5 மைக்ரோவிநாடிதான். அதாவது பைபருக்குள் ஓடும்போது அந்தப் பிரேமின் நீளம் ஒரு கிலோமீற்றர். அதன் தலை நாவற்குழிப் பாலத்தைத் தொடும்போது வால் ஒரு கிலோமீற்றர் பின்னால் இருக்கும். 74 கிலோமீற்றர் இழை நிரம்ப 74 பிரேம் வேண்டும். முதலாவது பிரேம் போய்ச் சேர்ந்து, அதற்குரிய ஆர்-ரெடி திரும்பி வருகிற நேரத்துக்குள் இன்னொரு 74 வேண்டும். மொத்தம் 148.

இதையே சூத்திரமாகச் சொன்னால், கிலோமீற்றரை ஜி வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 2 ஜிக்குக் கிலோமீற்றருக்கு ஒன்று, 4 ஜிக்கு இரண்டு, 8 ஜிக்கு நான்கு, 16 ஜிக்கு எட்டு. வேகத்தைக் கூட்டினால் பிரேம் குறுகும், அதனால் கிரெடிற் கூட வேண்டும். 8 ஜிக்கு மாறிவிட்டோம், இனிப் பறக்கும் என்று நினைத்து, கிரெடிற்றைத் தொடாமல் விட்டவர்களுக்கு ஒரு பைற்றும் கூடாமல் போவது இதனால்தான்.

எங்கள் சுவிச்சில் அன்று காலை பார்த்தபோது அந்தப் போர்ட்டுக்கு இருந்தது 26. அதுவும் முழுதாக இல்லை. சுவிச்சுக்கும் சுவிச்சுக்கும் இடையிலான லிங்க்கை அது உள்ளுக்குள் பல மெய்நிகர் சானல்களாகப் பிரித்து, 26 ஐயும் அவற்றுக்குப் பங்கு போட்டு வைத்திருக்கும். ஒரு ஸ்ரோரேஜும் ஒரு ஸ்ரோரேஜும் மட்டும் பேசினால் ஒரு பங்குதான் கிடைக்கும். 15 மெகாபைற்றின் கதை அவ்வளவுதான்.

இன்னொன்று. கூடைக்குள் இரண்டு வெங்காயம் போட்டு அனுப்பினாலும் ஒரு கூடை போனது போனதுதான். சின்னப் பிரேமும் ஒரு முழுக் கிரெடிற்றைத் தின்னும். ஓர் எழுத்து, அதாவது டிஸ்க்கில் ஒருக்கால் எழுதுவது, 8 கிலோபைற் என்றால் நாலைந்து பெரிய பிரேமோடு கட்டளை, தயார், முடிந்தது என்று குட்டிப் பிரேம்களும் ஓடும். ஆகவே 148 என்று கணக்கு வந்தால் 148 ஐ மட்டும் வைக்காதீர்கள். நான் ஒன்றரை மடங்கு வைக்கிறேன். டேட்டாபேஸ் மாதிரிச் சின்னச் சின்ன எழுத்து அதிகம் என்றால் இரண்டு மடங்கு.

சுவிச் வாங்க முதல்

கிரெடிற் என்பது மென்பொருளில் எழுதிக் கூட்டுகிற எண் அல்ல. சுவிச் சிப்புக்குள் இருக்கும் உண்மையான நினைவகம். ஆகவே வாங்க முன்னரே பார்க்க வேண்டும். போர்ட் எத்தனை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், பஃபர், அதாவது பிரேமுக்கான இடம், எத்தனை என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

புரோகேட் கம்பனியின் 300 என்ற 24 போர்ட் 8 ஜி சுவிச்சில் மொத்தம் 700 பஃபர். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எட்டு வீதம் ஒதுக்கினால் 192 போய்விடும். உள்வேலைக்கும் கொஞ்சம் எடுக்கும். மிச்சத்தைத் தூரத்து லிங்க்குக்குக் கொடுக்கலாம். எங்கள் தூரத்தில் 4 ஜிக்கு அது நன்றாகவே காணும். 16 ஜி தலைமுறையின் புரோகேட் 6510 இல் 8192. சிஸ்கோ எம்டிஎஸ் 9148 இல் நான்கு போர்ட் கொண்ட ஒரு குழுவுக்கு 128, அதில் ஒரு போர்ட்டுக்கு ஆகக் கூடினால் 125. மற்ற மூன்று போர்ட்டும் அப்போது ஆளுக்கு ஒன்றோடு சீவிக்க வேண்டும். 8 ஜியில் 125 கிரெடிற் முழுப் பிரேமுக்கே 31 கிலோமீற்றர்தான். நல்ல சுவிச்தான், ஆனால் கிளிநொச்சிக்கு அல்ல. சாவகச்சேரிக்குச் சரி.

லைசென்சையும் கேளுங்கள். புரோகேட்டின் 8 ஜி மாடல்களில் 10 கிலோமீற்றருக்கு மேல் போக எக்ஸ்ரென்டட் ஃபேப்ரிக் லைசென்ஸ் தனியாக வேண்டும். சிஸ்கோவில் கூடுதல் கிரெடிற்றுக்கு என்ரபிரைஸ் லைசென்ஸ். செகண்ட் ஹாண்ட் சுவிச் எடுப்பவர்கள் பெட்டியின் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு இதில் மாட்டுவார்கள்.

இழையும் ஒளியும்

யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சி ஏ9 றோட்டால் 65 கிலோமீற்றருக்குக் கிட்ட. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இழை றோட்டுப் போகிற வழியே போகாது. எக்சேஞ்சுக்குள் ஏறி இறங்கும், ஒவ்வொரு இணைப்பிலும் சில மீற்றர் சுருட்டி விட்டிருப்பார்கள். சேவை தந்தவர்களிடம் ஓரிடிஆர் (ஒளித்துடிப்பு அனுப்பி இழையின் நீளம் பார்க்கும் கருவி) அளவைத் தாளில் வாங்குங்கள். எங்களுக்கு வந்தது 74.

இந்தத் தூரத்துக்கு 1310 நானோமீற்றர் அலைநீள ஒளி சரிவராது. அது 10 கிலோமீற்றர் ரகம், கிலோமீற்றருக்கு 0.35 டெசிபெல் (ஒளி இழப்பின் அளவு) தின்னும். 1550 தான் வேண்டும். கணக்கு இப்படி: 74 கிலோமீற்றருக்கு 0.22 வீதம் 16.3 டெசிபெல். நாலு கிலோமீற்றருக்கு ஓர் ஒட்டு என்று வைத்தால் ஏறக்குறைய இருபது ஒட்டு, 0.1 வீதம் 2 டெசிபெல். கனெக்டர் நாலுக்கு 2 டெசிபெல். மொத்தம் 20 ஐத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் 3 டெசிபெல்லை நான் பிடிவாதமாக ஒதுக்குவேன். ஏனென்றால் றோட்டு அகலிக்கிறோம், தண்ணிக் குழாய் புதைக்கிறோம் என்று ஜேசிபி வரும். வெட்டும். ஒட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு ஒட்டுக் கூடும். இன்றைக்கு நூலளவில் எழும்பி நிற்கிற லிங்க் அடுத்த மாரிக்கு நிற்காது.

நான் செய்த ஒரு முட்டாள் வேலையையும் சொல்லிவிடுகிறேன். புது எஸ்எஃப்பி (சுவிச்சில் செருகும், ஒளியை அனுப்பி வாங்கும் சின்னத் துண்டு) இரண்டும் வந்த அன்று, கிளிநொச்சிக்கு அனுப்ப முதல் மேசையிலேயே ஒருக்கால் பார்ப்போம் என்று, இரண்டு சுவிச்சையும் பக்கத்தில் வைத்து, இரண்டு மீற்றர் மஞ்சள் வயரால் இணைத்தேன். 80 கிலோமீற்றர் ரக எஸ்எஃப்பி என்பது தூரத்தில் நிற்பவனுக்குக் கத்துகிற குரல். அதைக் காதுக்குள் கத்த விட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து ரிசீவர் செத்துப்போனது. அதன் விலையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மேசையில் சோதிக்க வேண்டுமென்றால் நடுவில் ஒளியைக் குறைக்கும் 15 டெசிபெல் அட்டெனுவேற்றர் போடுங்கள்.

கனெக்டர் நிறத்தையும் கவனியுங்கள். பைபர் ஆட்கள் சுவரில் தந்துவிட்டுப் போகிற பெட்டியில் அநேகமாகப் பச்சை முனை இருக்கும், அது சரிவாக வெட்டியது. எஸ்எஃப்பி கேட்பது நீல முனை, நேராக வெட்டியது. பச்சைக்குள் நீலத்தைச் செருகினால் செருகுப்படும், ஆனால் நடுவில் காற்றிடைவெளி நின்று பல டெசிபெல் போய்விடும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம் உள்ள இணைப்பு வயர் கடையில் கிடைக்கும். அதைத்தான் வாங்க வேண்டும். செருக முதல் துடையுங்கள். கிளிநொச்சிச் செம்மண் தூசி கண்ணுக்குத் தெரியாது, சுவிச்சுக்கு நன்றாகத் தெரியும்.

துடைப்பு விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்க ஒரு காரணம் உண்டு. ஊத்தை முனையால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிட் பழுதாகும்போது ஆர்-ரெடியும் பழுதாகலாம். பிரேம் பழுதானால் மேலே உள்ளவர்கள் திரும்பக் கேட்பார்கள். ஆர்-ரெடி பழுதானால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கிரெடிற் போனது போனதுதான், லிங்க்கை ரீசெற் செய்யும் வரை. திங்கட்கிழமை நன்றாக ஓடி, வியாழக்கிழமை மெதுவாகி, ரீசெற் அடித்தால் திரும்ப நன்றாகிற லிங்க் என்றால் கூடைகள் வழியில் தொலைகின்றன என்று அர்த்தம். 8 ஜியும் அதற்குப் பிறகும் வந்த சுவிச்சுகளில் கிரெடிற் ரிகவரி என்ற வசதி இருக்கிறது. இரண்டு பக்கமும் போட்டு விடுங்கள். ஆனால் அதை நம்பித் துடைக்காமல் விடாதீர்கள்.

சுவிச்சில் செய்வது

புரோகேட்டில் தூரத்துக்கென்று நாலு நிலை இருக்கிறது. எல்0 சாதாரணம். எல்ஈ 10 கிலோமீற்றர் வரை. எல்டி என்பது சுவிச் தானே தூரத்தை அளந்து கிரெடிற் போடுவது, நீங்கள் ஓர் உச்சவரம்பு மட்டும் சொல்வீர்கள். எல்எஸ் என்பது நீங்கள் சொன்ன தூரத்துக்கு அப்படியே போடுவது.

எல்டி கேட்க நன்றாக இருக்கும். நான் எல்எஸ் தான் போடுவேன். எல்டி உண்மைத் தூரத்தை அளந்து, முழுப் பிரேமுக்கான கணக்கைத்தான் போடும். சின்னப் பிரேமுக்காக நான் கேட்கிற ஒன்றரை மடங்கு அதற்குத் தெரியாது. எல்எஸ் என்றால் பொய் சொல்லலாம். 74 கிலோமீற்றர் லிங்க்குக்கு 115 கிலோமீற்றர் என்று கொடுத்தேன். 4 ஜியில் அது கிலோமீற்றருக்கு இரண்டு வீதம் 230, சுவிச் தன் பங்குக்கு 6 சேர்த்து 236. புது மென்பொருள் பதிப்புகளில் சராசரிப் பிரேம் அளவையோ பஃபர் எண்ணையோ நேரடியாகவே கொடுக்கலாம், பொய் தேவையில்லை.

வேகத்தைத் தானே தெரிவுசெய்யும் ஓட்டோ நிலையில் விடாதீர்கள். 4 என்றால் இரண்டு பக்கமும் 4 என்றே பூட்டுங்கள். நீளமான இழையில் பேரம் பேசிப் பேசியே லிங்க் ஏறாமல் நிற்பதை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். இது விளங்காமல் பலர் குழம்புகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுவிச்சில் நீங்கள் ஒதுக்குகிற பஃபர், கிளிநொச்சியில் இருந்து வருகிற பிரேமுக்கான இடம். யாழ்ப்பாணத்தில் இருந்து அனுப்புகிற வேகம் கிளிநொச்சியின் பஃபரில் தங்கியிருக்கிறது. சித்தப்பாவின் வியாபாரம் கடைக்காரனின் கொட்டிலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில் தங்கியிருப்பது போல. இன்னொன்று, இந்த மாற்றம் போர்ட்டைக் கொஞ்ச நேரம் விழுத்தும். நடுப்பகலில் செய்யாதீர்கள். தூரத்துப் பக்கத்தை முதலில் மாற்றுங்கள், பிறகு உங்கள் பக்கத்தை. மாறிச் செய்தால், தூரத்துச் சுவிச்சுக்குள் போகிற வழியும் அதே லிங்க் ஊடாக இருந்தால், ஏ9 இல் ஓடிப்போய்த்தான் மீதியைச் செய்ய வேண்டி வரும்.

நடுவில் சேவை தந்தவர்களின் டிடபிள்யூடிஎம் பெட்டி (ஒரே இழையில் பல அலைநீள ஒளியை அனுப்புவது) இருந்தால் கதை கொஞ்சம் மாறும். 8 ஜியில் பிரேமுக்குப் பிரேம் இடையில் சும்மா நிரப்புகிற சொல் இரண்டு வகை. பெட்டி ஒன்றை எதிர்பார்க்க, சுவிச் மற்றதை அனுப்பினால் லிங்க் எழும்பாது, அல்லது எழும்பிப் பிழை எண்ணிக்கை ஏறும். சில பெட்டிகளுக்கு மெய்நிகர் சானல் பிரிப்பை நிறுத்தி வெறும் ஆர்-ரெடி முறைக்குச் சுவிச்சை மாற்றவும் வேண்டும். பெட்டியின் மாடல் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் போகும் சேர்" என்ற பதிலை நான் இப்போது ஏற்பதில்லை.

இரண்டு ஃபேப்ரிக்கைச் சேர்க்கும்போது

ஒன்றாக இணைந்த சுவிச்சுக் கூட்டத்துக்குத்தான் ஃபேப்ரிக் என்று பெயர். லிங்க் ஏறிய கணத்தில் இரண்டு ஊர்ச் சுவிச்சுகளும் ஒரே குடும்பமாகச் சேரப் பார்க்கும். சம்பந்தம் பேசுகிற மாதிரிதான், முன்கூட்டியே எல்லாம் சரிபார்த்து வைக்க வேண்டும். டொமைன் ஐடி, அதாவது சுவிச்சின் அடையாள எண், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. பெட்டியில் இருந்து எடுத்த சுவிச் எல்லாம் 1 என்றுதான் வரும். யாழ்ப்பாணத்துக்கு 11, 12, கிளிநொச்சிக்கு 21, 22 என்று நான் வைத்திருக்கிறேன், பார்த்த உடனே ஊர் தெரியும். பதிலுக்காகக் காத்திருக்கும் நேர அளவுகள் இரண்டும், அதாவது 2 விநாடியும் 10 விநாடியும், இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். யாரும் கை வைக்கவில்லை என்றால் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் வேறு வேறு அங்கத்தவர்களோடு சோன் (எது எதோடு பேசலாம் என்ற பட்டியல்) இருந்தால் ஃபேப்ரிக் சேராமல் பிரிந்து நிற்கும். புதுச் சுவிச் என்றால் அதில் உள்ள சோன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இணையுங்கள். அழிக்கிற சுவிச் எது என்று இரண்டு தரம் பாருங்கள். மூன்று தரம் பார்த்தாலும் பிழையில்லை.

எங்களுடையது சின்ன இடம், சேர்த்துவிட்டோம். ஆனால் உங்கள் தூரத்து இழை அடிக்கடி விழுந்து எழும்பும் என்றால் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு விழுகைக்கும் இரண்டு ஊர்ச் சுவிச்சுகளும், அவற்றில் தொங்கும் சேர்வர்களும் மாற்ற அறிவித்தலை வாங்கி மூச்சுத் திணறும். அதற்குத்தான் ஃபேப்ரிக் ரவுட்டிங் இருக்கிறது. புரோகேட்டில் எல்-சான், சிஸ்கோவில் ஐவிஆர். இரண்டு ஃபேப்ரிக்கும் தனித்தனியாகவே இருக்கும், குறித்த டிஸ்க்கும் குறித்த சேர்வரும் மட்டும் மதிலுக்கு மேலால் பேசிக்கொள்ளும்.

இரண்டு வழி என்றால் இரண்டு வழி

குடாநாட்டை விட்டு வெளியேற றோட்டு என்று பார்த்தால் ஆனையிறவு ஒன்று, பூநகரிக்குப் போகும், 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் ஒன்று. எங்களுக்கு இழை தந்தவர்கள் "ரெண்டு பாதை" என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். ஆனையிறவுப் பக்கம் ஒருநாள் வேலை நடந்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. போய்ப் பார்த்தால் இரண்டு வயரும் ஒரே குழிக்குள் அண்ணன் தம்பி மாதிரிக் கிடக்கின்றன. அதன் பிறகு பாதையை வரைபடத்தில் கோடு போட்டுத் தரச் சொல்லி, ஒன்று பூநகரி வழியாக வரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம்.

வேறு வேறு பாதை என்றால் நீளமும் வேறு. ஆகவே அந்த இரண்டையும் ஒரே ட்ரங்க்காக, அதாவது ஒரே லிங்க் போலச் சேர்த்துக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். ட்ரங்க்குக்கு நீளம் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஏ, பி என்று இரண்டு தனி ஃபேப்ரிக் வைத்து, ஏ ஃபேப்ரிக்கை ஆனையிறவாலும் பி ஃபேப்ரிக்கைப் பூநகரியாலும் விடுங்கள். ஒன்று வெட்டுப்பட்டால் சேர்வரின் மல்ற்றிபாத் (பல வழிகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) மற்றதுக்குத் தாவும். கிரெடிற்றை ஒவ்வொன்றுக்கும் அதனதன் நீளத்துக்குத் தனியாகக் கணக்கிடுங்கள். கரண்டையும் மறக்க வேண்டாம். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் இழை இரண்டும் நல்லாக இருந்தும் கிளிநொச்சிப் பக்கம் யூபிஎஸ் படுத்துப் படுத்து எழும்பியதுதான் பெரிய தலையிடி.

உடனுக்குடனா, பிந்தியா

கிரெடிற் சரியானால் வேகம் வரும், தாமதம் போகாது. 74 கிலோமீற்றர் போய் வர 0.74 மில்லிவிநாடி. உடனுக்குடன் பிரதி எடுக்கும் முறையில் ஓர் எழுத்துக்கு இந்தப் பயணம் சாதாரணமாக இரண்டு தரம் நடக்கும். எழுதப்போகிறேன் என்று கேட்டு, சரி என்ற பதில் வந்து, பிறகு தரவு போய், முடிந்தது என்று வர வேண்டும். ஆக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்றரை மில்லிவிநாடி கூடும். சில சுவிச்சுகளிலும் ஸ்ரோரேஜ்களிலும் எழுத்தை முடுக்கும் வசதி உண்டு. இந்தப் பக்கத்திலேயே "சரி அனுப்பு" என்று சொல்லி ஒரு பயணத்தை மிச்சம் பிடிக்கும். எங்கள் கணக்கியல் டேட்டாபேஸ் ஒன்றரை மில்லிவிநாடியைத் தாங்கியது. உங்களுடையது தாங்குமா என்பதைச் சுவிச் விற்பவரிடம் கேட்காமல் டேட்டாபேஸ் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

கொழும்புக்கு என்றால்

400 கிலோமீற்றருக்கு இந்த வித்தை எடுபடாது. அங்கே எஃப்சிஐபி. பைபர் சானல் பிரேமைப் பொதி கட்டி ஐபி நெற்வேர்க்கில் அனுப்புவது, 2004 இல் ஆர்எஃப்சி 3821 என்ற தரநிலையாக வந்தது. புரோகேட் 7800, 7840, சிஸ்கோ எம்டிஎஸ் 9250i மாதிரிப் பெட்டிகள் இதைச் செய்யும். உடனுக்குடன் பிரதி என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள், பிந்திய பிரதிதான்.

கூடைக் கணக்கு இங்கேயும் வரும், பெயர் மட்டும் டிசிபி விண்டோ, அதாவது பதில் வர முதல் அனுப்பக்கூடிய அளவு. போய்வர 10 மில்லிவிநாடி எடுக்கும் 1 ஜிகாபிற் லைனை நிரப்ப 1.25 மெகாபைற் எப்போதும் வழியில் இருக்க வேண்டும். 64 கிலோபைற் விண்டோவோடு விட்டால் விநாடிக்கு ஆறரை மெகாபைற்தான் போகும். நல்ல பெட்டி இதைத் தானே பார்த்துக்கொள்ளும், நீங்கள் வேகத்தின் கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் உண்மையாகச் சொன்னால். வாங்கியது 200 மெகாபிற் என்றால் 1 ஜிகாபிற் என்று போட வேண்டாம். சேவை தருபவர் மிச்சத்தைக் கொட்டுவார், டிசிபி பயந்து பின்வாங்கும், 200 உம் வராது. பயர்வாலில் போர்ட் எண் 3225 ஐத் திறக்கச் சொல்லுங்கள், புரோகேட் என்றால் 3226 உம். முழுப் பிரேம் 1500 பைற்றுக்குள் அடங்காது, ஆகவே பாதை முழுக்கப் பெரிய எம்ரியூ (ஒரு பொதியின் உச்ச அளவு) கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

எண்ணிப் பார்த்துவிட்டு வேலையை முடிப்பது

அன்று காலை எனக்குப் பதில் சொன்னது ஒரு கவுண்டர். புரோகேட்டில் போர்ட்-ஸ்டாட்ஸ்-ஷோ அடித்தால் வரிசையாக வரும் எண்களுக்குள், கிரெடிற் பூச்சியமாக இருந்த நேரத்தை எண்ணும் ஒன்று இருக்கும். 2.5 மைக்ரோவிநாடிக்கு ஒன்று வீதம் ஏறும். ஒரு விநாடிக்கு நாலு லட்சம் ஏறினால் அந்த விநாடி முழுக்கப் போர்ட் கூடைக்காகக் காத்திருந்தது என்று பொருள். எங்களுடையது கிட்டத்தட்ட அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது.

ஆகவே வேலை முடிந்ததும் கவுண்டர்களைப் பூச்சியமாக்குங்கள். பெரிய பிரதி ஒன்றை ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கள். வேகம், அந்தக் கவுண்டர், சிஆர்சி பிழை (பழுதாகி வந்த பிரேம்களின் எண்ணிக்கை), எஸ்எஃப்பிக்கு வரும் ஒளியின் அளவு, நாலையும் எழுதுங்கள். பிறகு ஓட ஓடவே ஏ பாதையின் வயரைக் கழற்றிப் பாருங்கள், சேர்வர் எத்தனை விநாடி முழிக்கிறது என்று. அதையும் எழுதுங்கள். 16 ஜி எஸ்எஃப்பியும் அதற்கேற்ற சுவிச்சும் என்றால் போர்ட்டைச் சோதனை நிலையில் போட்டுத் தூரத்தையும் தாமதத்தையும் சுவிச்சையே அளக்கச் சொல்லலாம்.

236 கிரெடிற் போட்ட அன்று இரவு திரும்பத் தொடக்கினோம். விநாடிக்கு 370, 380 என்று நின்றது. இந்த முறை நான் வீட்டுக்குப் போகவில்லை. தம்பியும் நானும் பிளேன்ரீயோடு மூன்றே முக்கால் வரை இருந்து பார்த்தோம், அவன் அங்கே, நான் இங்கே. கடைசி எண்களை ஒரு ஏ4 தாளில் எழுதி இரண்டு ஊர் ராக் கதவின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கிறோம்: ஓரிடிஆர் நீளம், வரும் ஒளி, கிரெடிற், டொமைன் ஐடி, இழை தந்தவர்களின் இரவு நேர நம்பர். போன மாரியில் ஒளி 2 டெசிபெல் குறைந்ததை அந்தத் தாளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பளைப் பக்கம் புதிதாக இரண்டு ஒட்டு.